கொல்லையில் வழுக்கி விழுந்தவர்

பேச்சிமுத்துவுக்கு ஜீப்பைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. போடியில், முந்தல் ரோட்டில், டீக்கடைக்கு எதிரே, விடிவதற்கு முன்பே மலைக்குப் போகிற கூட்டம் காத்துக்கிடக்கும். பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வண்டி வளைவைத் தாண்டும் முன்பே பேச்சிமுத்து சொல்லிவிடுவார். "இது சின்ராசு வண்டிப்பா. கியரு மாத்தையில இருமுது பாரு." சொன்னபடியே சின்ராசுவின் ஜீப்பு வந்து நிற்கும். மற்றவர்கள் சாப்பாட்டு வாளியைத் தேடி எடுத்து ஓடி வருவதற்குள் அவர் ஓர இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். இந்த ஆள் காதை அறுத்து வைத்தால்தான் நமக்குச் சீட்டுக் கிடைக்கும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கரித்துக்கொட்டுவார்கள்.

அந்தக் காதுக்கு எட்டாத வண்டி அவர் வீட்டிலிருந்தே வந்து சேர்ந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வண்டி பவித்ராவுடையது. பவித்ரா, பேச்சிமுத்துவின் மனைவி மகாராணிக்குத் தம்பி மகள். தம்பி உக்கிரபாண்டி பக்கத்து வீடு. அவன் மனைவி பிள்ளையைப் பெற்றுக் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மகாராணிக்கும் பேச்சிமுத்துவுக்கும் பிள்ளை இல்லை. ஆகவே அந்தப் பெண் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது மாமா. பெரிய மனுஷியானபோது குச்சு கட்டியதும் மாமா. காலேஜ் முடித்து, ஏலக்காய் வியாபாரி ஜேசுதாஸ் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். அதே கடையில்தான் மகாராணியும் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறாள். பருவட்டு தனி, பொடிசு தனி, வெடித்தது தனி. அத்தை கீழே தட்டின் முன்னால், மருமகள் மேலே கம்ப்யூட்டரின் முன்னால். மகாராணிக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பவித்ரா தவணை போட்டு அந்தக் கரண்டு ஸ்கூட்டரை வாங்கினாள். பச்சை நம்பர் போர்டு, நீலப் பெயிண்டு. பேச்சிமுத்து சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஏத்தா, ஸ்டார்ட் பண்ணு, சத்தத்தக் கேப்போம்" என்றார். "ஸ்டார்ட் ஆகித்தான் மாமா நிக்கிது" என்றாள் அவள். அவர் காதை வண்டியில் வைத்துக் கேட்டுவிட்டு, "என்னத்தா இது, செத்ததுமில்லாம பொழச்சதுமில்லாம" என்றார். எல்லோரும் சிரித்தோம். தெருவே சிரித்தது.

ராசிங்காபுரத்திலிருந்து பவித்ராவுக்கு மாப்பிள்ளை வந்தது அந்தச் சமயத்தில்தான். பையன் திருப்பூரில் நல்ல வேலை. அவன் அம்மா கருத்தம்மாள் கொஞ்சம் கறார். பெண் பார்க்க வந்தவள் அடுப்படிவரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்தியானாள். பரிசம் போட நாள் குறித்தார்கள்.

பரிசத்துக்கு முந்தின வாரம் ஒரு காலையில் பேச்சிமுத்து சாப்பாட்டு வாளியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார். மலையில் மத்தியானம் வாங்கிச் சாப்பிடக் கடை கிடையாது. மகாராணி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஆத்தா, ஒங்க மாமா வாளிய வச்சுட்டுப் போயிட்டாரு. வெரசா கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. ஜீப்பு போயிரும்."

பவித்ரா தூக்கக் கலக்கத்தோடு வாளியை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வெரசாகத்தான் போனாள். அத்தை சொன்னாளே.

டீக்கடை எதிரில் மாமாவின் முதுகு தெரிந்தது. அவர் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, வளைவுக்கு அப்பால் வருகிற சின்ராசு வண்டியின் இருமலைக் கேட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றார். வேறு யாராவதாக இருந்தால் பவித்ரா ஹாரன் அடித்திருப்பாள். சொந்த மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஹாரன் அடிக்கிற பெண்ணை நம்ம பக்கம் எப்படிப் பேசுவார்கள்? அவள் வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"மாமோவ்!"

பிள்ளையின் குரல் கேட்டால் அவர் எப்போதும் என்ன செய்வாரோ அதையே செய்தார். திரும்பி, குரலை நோக்கி ரெண்டு எட்டு வைத்தார். நடந்துதான் வருகிறாள் என்று நினைத்திருக்கிறார். ஹாரன் அடித்திருந்தால் ஒதுங்கியிருப்பார். வண்டி அவர் இடுப்பில் மோதியது. கை கீழே மடங்க விழுந்தார். தலை தார் ரோட்டில் பட்ட சத்தம் தனக்குக் கேட்டதாக டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பிறகு சொன்னார். பவித்ராவும் விழுந்தாள், அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சாம்பாரும் சோறும் ரோட்டில் கொட்டிக் கிடந்தன.

சின்ராசு ஜீப்பிலிருந்த ஆட்களை இறக்கிவிட்டுப் பேச்சிமுத்துவை ஏற்றினான். அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்லி மகாராணியும் தலைமுடியை அள்ளிச் சொருகிக்கொண்டே ஓடி வந்துவிட்டாள். பேச்சிமுத்து நினைவோடுதான் இருந்தார். வலது கை வீங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல, புள்ளயப் பாருங்கப்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நம்ம ஊரில் அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே கதை தயாராகிவிடும். குடித்துவிட்டு விழுந்தவன் மாடு முட்டியவனாகிவிடுவான். மச்சினன் ஒடித்த கை கதவிடுக்கில் நசுங்கிய கையாகிவிடும். ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருப்பதை நம்பினால் போடியில் யாரும் யாரையும் தொட்டதே கிடையாது. உண்மையைச் சொன்னால் போலீஸுக்குத் தகவல் போகும். போலீஸ் வந்தால் பேர் கெடும். ஆகவே கதை. யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. பேசி முடித்துக்கொள்கிற காரியத்துக்கு எதற்குக் கேஸ் என்பார்கள். மகாராணியும் அந்த ஊர்க்காரிதானே.

ஜீப்பு ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பும்போது அவள் புருஷனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இங்க பாருங்க. கொல்லையில பாசி வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லணும். வண்டின்னு வாய்ல வரக்கூடாது."

"சரி."

"பரிசம் வச்சிருக்கு. போலீசு கேஸுன்னு ஆனா, புள்ளய ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒக்கார வச்சிருவாக. அந்தக் கருத்தம்மா ஒரு நாள் பொறுக்க மாட்டா. எங்க, சொல்லுங்க பாப்போம்."

"கொல்லையில பாசி வழுக்கி விழுந்துட்டேன்."

"இன்னொருக்கா."

"கொல்லையில பாசி வழுக்கி விழுந்துட்டேன். நா என்ன சின்னப்புள்ளயாடி?"

"யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லணும். மாத்தி ஒளறிராதீக."

"நா ஏன் மாத்துறேன்? எம்புள்ள அது."

முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சின்ராசுவுக்கு மனசு கேட்கவில்லை. "மதினி, வண்டி இடிச்சதுன்னே சொல்லிருவோமே. டாக்டருக்குத் தெரிஞ்சாத்தானே..." என்று இழுத்தான்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் மகாராணி. அவன் கியரை மாற்றினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். பேச்சிமுத்து ஒப்பித்தார். தலையில் அடிபட்டதா என்று கேட்டார். கொல்லையில் வழுக்கியவனுக்குத் தலையில் ஏன் அடிபடப் போகிறது? "இல்லம்மா, கைய ஊண்டித்தான் விழுந்தேன்" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். மகாராணி நிம்மதியாக மூச்சு விட்டாள். புருஷனுக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டா என்றுகூட நினைத்தாளாம். கையை எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். வாந்தி, தலைச்சுற்றல் ஏதாவது வந்தால் உடனே வரச்சொன்னார்கள்.

தலை வலித்தது. அவர் சொல்லவில்லை. பரிசத்தன்று கட்டுப்போட்ட கையோடு பந்தலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றார். கருத்தம்மாள் கையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். "கொல்லையில பாசி வழுக்கி விழுந்துட்டேன் மதினி" என்றார். பந்தலின் உள்ளே பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

பரிசம் முடிந்த சில நாளில் அவர் சோற்றுத்தட்டின் மேலேயே வாந்தியெடுத்தார். உக்கிரபாண்டியைப் பார்த்து, "யாரு இவரு?" என்று மரியாதையாகக் கேட்டார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்து கட்டியிருந்தது. மண்டையைத் திறந்து எடுத்தார்கள். அங்கேயும் எப்படி விழுந்தார் என்று கேட்டார்கள். மகாராணி அங்கேயும் பாசியைத்தான் சொன்னாள். வேறு எதைச் சொல்வது, முதலில் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டாமா? "அன்னைக்கே தலையை ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா..." என்று மதுரை டாக்டர் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

உயிர் தங்கியது. ஆனால் மலைக்குப் போய்வந்த அந்தப் பழைய ஆள் திரும்பவில்லை. வலது கையில் டம்ளர் நிற்காது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருக்காது. செத்துப்போன தன் அண்ணன் எங்கே என்று கேட்பார். சொன்னால் புதிதாக அழுவார். அதனால் பிறகு சொல்வதை விட்டுவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து, தாழ்ப்பாளை நீக்கி, டீக்கடை எதிரில் போய் நின்றுவிடுவார். தலை மட்டும் பழையபடி சாய்ந்திருக்கும். ஜீப்புகள் வரும், போகும். எந்த வண்டி யாருடையது என்று சொல்லத் தெரியாது. சின்ராசுதான் கையைப் பிடித்து, "இன்னைக்கு லீவுண்ணே" என்று வீட்டில் கொண்டுவந்து விடுவான். இவரைத் தனியே விட முடியாமல் மகாராணி காய் பொறுக்கப் போவதை நிறுத்தினாள். கைக்கும் பேச்சுக்கும் மதுரையில் தொடர்ந்து பயிற்சி கொடுத்தால் ஓரளவு தேறுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை மதுரை என்பது அந்த வீட்டில் ஆகிற காரியமா? பவித்ரா சம்பளத்தைக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுவாள். வண்டியை அவள் அதற்குப் பிறகு தொடவில்லை. அது சார்ஜ் இறங்கிச் சுவரோரம் கிடந்தது.

ஜேசுதாஸின் மகள் சோனியா தேனியில் வக்கீல். ஒரு நாள் கடைக்கு வந்தவள், பவித்ரா கம்ப்யூட்டருக்கு முன்னால் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தாள். என்னவென்று கேட்டாள். அத்தனை நாளும் ஒருவரும் கேட்காத கேள்வி அது. பவித்ரா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலமே சோனியா வீட்டுக்கு வந்தாள். பேச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை இடது கையால் தின்றுகொண்டிருந்தார். சோனியா சுவரோரம் கிடந்த வண்டியின் நம்பர் போர்டைப் பார்த்தாள்.

"இது நம்பர் போட்ட வண்டிக்கா. மெதுவாப் போற சின்ன பேட்டரி வண்டி இருக்கு, அதுக்கு நம்பர், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் வேணாம். அது இடிச்சா ஓட்டுனவங்ககிட்டதான் கேக்கணும். இது அப்படியில்ல. இன்சூரன்ஸ் இல்லாம ஷோரூம்லேருந்து வெளியவே விட்டிருக்க மாட்டாங்க. பவித்ராவுக்கு லைசென்சும் இருக்கு."

"அது வண்டி களவுபோனாக் குடுக்குறதுன்னு நெனச்சேன்க்கா" என்றாள் பவித்ரா.

"அது வேற. கட்டாயமாக் கட்டச் சொல்றது எதுக்குன்னா, நீ ஓட்டி வேற யாருக்காவது அடிபட்டா அவங்களுக்குக் கம்பெனி குடுக்கணும்னுதான். ஆபரேஷன், மருந்து, இனிமே இவர் வேலைக்குப் போக முடியாதது, கூட ஒரு ஆள் வச்சுப் பாத்துக்கிறது, எல்லாத்துக்கும் கேக்கலாம்."

மகாராணிக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்போ கேஸு போட்டா... எந்தம்பி பாண்டி தலையில விடியாதா? புள்ளய உள்ள வச்சிர மாட்டாகளா?"

"கேஸ் உண்டு. ஆனா ஸ்டேஷன்லயே ஜாமீன் குடுத்துருவாங்க. பெரும்பாலும் அபராதத்தோட முடியும். பணம் கம்பெனிதான் குடுக்கணும், ஒங்க தம்பி இல்ல. அன்னைக்கே வண்டி இடிச்சதுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்க்கா."

மகாராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். யாரைக் காப்பாற்ற அந்தப் பொய் சொல்லப்பட்டதோ அவர்களுக்கு ஆபத்தே வந்திருக்காது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பேச்சிமுத்து பிஸ்கட்டின் மிச்சத்தை அவளிடம் நீட்டினார்.

இப்போது சொன்னால் ஆகாதா என்று அழுகை ஓய்ந்ததும் கேட்டாள்.

"ஆகும். ஆனா கஷ்டம். ஆஸ்பத்திரியில வழுக்கி விழுந்ததா எழுதியிருக்கு. இவ்வளவு நாள் கழிச்சு, சொந்தத் தம்பி மக இடிச்சான்னு சொன்னா, குடும்பமே சேந்து கம்பெனி காசுக்குக் கதை கட்டுதுன்னு சொல்வாங்க. சின்ராசு சாட்சி சொல்லணும், டீக்கடைக்காரர் சொல்லணும். பவித்ரா ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் இடிச்சேன்னு சொல்லணும்."

"அது மட்டும் வேணாம்" என்றாள் மகாராணி. "கல்யாணத்துக்கு மண்டபம் பிடிச்சாச்சு. நா ஒருத்தி இவரத் தூக்கிச் சொமந்துக்கிறேன். புள்ள பொழப்புல மண்ணப் போட மாட்டேன்."

பவித்ரா அதுவரை வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "எம்பொழப்பு எங்க பொழச்சிருக்கு அத்தே?" என்றாள். "நா மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டு ராசிங்காபுரத்துல ஒக்காந்திருப்பேன், மாமா டீக்கடை முன்னால நிப்பாரு. அதப் பாத்துக்கிட்டு நா எப்படிச் சோறு திங்கிறது?"

மறுநாள் அப்பனைக்கூடக் கூப்பிடாமல் சோனியாவோடு ஸ்டேஷனுக்குப் போனாள். என் வண்டிதான் இடித்தது, நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளை யாரும் உட்கார வைக்கவில்லை, மிரட்டவில்லை. அங்கிருந்த ஏட்டையா, "இத அன்னைக்கே வந்து சொல்றதுக்கு என்னம்மா?" என்று மட்டும் கேட்டாராம். மகாராணி பயந்து நடுங்கிய ஸ்டேஷன் அவ்வளவுதான்.

ஆனால் கருத்தம்மாளைப் பற்றி அவள் பயந்தது தப்பவில்லை. கருத்தம்மாள் நேரில் வந்தாள். சத்தம் போடவில்லை. "வண்டி இடிச்சது பெருசில்ல மதினி. பந்தல்ல வச்சுக் கேட்டேன். என் மொகத்துக்கு நேரா எல்லாருமாச் சேந்து பொய் சொன்னீக. நாளைக்கு எதுல பொய் சொல்வீகன்னு நா பயந்துக்கிட்டே இருக்கணுமா?" என்றாள். பரிசத்தன்று தட்டில் வைத்துக் கொடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

தேனிக் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். சின்ராசு சாட்சி சொன்னான். டீக்கடைக்காரர் சொன்னார். பவித்ரா கூண்டில் ஏறி, தான் கூப்பிட்டதையும் மாமா திரும்பியதையும் அழாமல் சொன்னாள். மகாராணியும் ஏறினாள். தான்தான் அப்படிச் சொல்லச் சொன்னதாக ஒத்துக்கொண்டாள். கம்பெனி வக்கீல் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். நீங்கள் எல்லோரும் ஒரே தெரு, ஒரே குடும்பம், இல்லையா? ஆமாம் என்றார்கள். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனாலும் நீதிபதி காது கொடுத்துக் கேட்டார். மதுரை டாக்டரின் வாக்குமூலம் நன்றாக இருந்தது. கேஸ் தேறிவிடும் என்றே சோனியா நம்பினாள்.

பேச்சிமுத்துவைக் கூண்டில் ஏற்றுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் ஒரு நாள் மகாராணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, நடந்ததை நடந்தபடி எடுத்துச் சொன்னாள். ரோட்டில் நின்றது, பிள்ளை கூப்பிட்டது, வண்டி இடித்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று முகம் சிவந்துவிட்டது. "எம்புள்ள மேல பழி போடுறது யாரு?" என்று தட்டைத் தூக்கி எறிந்தார். "கொல்லையில பாசி வழுக்கி விழுந்துட்டேன். எத்தன வாட்டி சொல்றது?" அண்ணன் செத்தது தங்காத தலையில், தன் பேர் சில நாள் தங்காத தலையில், அது தங்கியிருந்தது. மகாராணி சிதறிக் கிடந்த சோற்றை அள்ளினாள். எதையும் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்று சோனியாவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கடைசி வாய்தாவில், எவ்வளவு பாதிப்பு என்று தெரிய வேண்டும், அவரை ஒருமுறை நேரில் பார்க்கிறேன் என்றார் நீதிபதி. மறுக்க முடியவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, தலைத் தழும்பு தெரியச் சீவி, சின்ராசு ஜீப்பிலேயே கூட்டிப் போனார்கள். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தார். மலைக்குத்தான் போகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ.

நீதிபதி நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார், தூக்க முடியவில்லை. என்ன வருஷம் என்று கேட்டார், தெரியவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பேச்சிமுத்து திரும்பி மகாராணியைப் பார்த்தார். நீதிபதி எழுதிக்கொண்டார். சோனியாவின் முகம் தெளிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று மகாராணி எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனாள். அப்போது நீதிபதி, பாவப்பட்டுத்தான், பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"எப்படிங்கய்யா இப்படி ஆச்சு?"

பேச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாக் கேள்விக்கும் கலங்கிக் கிடந்த கண்ணில் வெளிச்சம் வந்தது. இது அவருக்குத் தெரிந்த கேள்வி.

"கொல்லையில பாசி வழுக்கி விழுந்துட்டேன்" என்றார், தடுமாறாமல். "கைய ஊண்டித்தான் விழுந்தேன். அந்தப் புள்ள ஒண்ணும் செய்யல. அது வீட்டுல தூங்கிக்கிட்டிருந்துச்சு."

கம்பெனி வக்கீல் ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து நீதிபதி முன்னால் வைத்தார். விழுந்ததைப் பற்றி அன்று சொன்னதும் இன்று சொன்னதும் ஒரு வார்த்தை மாறவில்லை. நீதிபதி மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார். சோனியா எழுந்து, நினைவு தப்பியவரின் பேச்சைச் சாட்சியாக எடுக்கக்கூடாது என்று வாதாடினாள். சரியான வாதம்தான். ஆனால் வருஷம் தெரியாதவருக்கு இது மட்டும் எப்படித் தெரிகிறது என்று கம்பெனி வக்கீல் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன் என்று கூண்டில் சொன்னது அவர் சம்சாரம்தானே என்றார். சொல்லிக்கொடுத்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் சோனியா மெதுவாகச் சொன்னாள். "இனி ஜெயிக்கிறது கஷ்டம்க்கா. தள்ளுபடி ஆனா மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். நான் விட மாட்டேன்." சின்ராசு டீ வாங்கிக் கொடுத்தான். பவித்ரா மாமாவின் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஆற்றி ஆற்றி அவர் வாயருகே கொடுத்தாள்.

பேச்சிமுத்து நல்ல உற்சாகத்தில் இருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் செய்து முடித்த ஆள் போல இருந்தது முகம். மகாராணியைக் கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

"சரியாச் சொன்னேனா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அன்று ஜீப்பில் இரண்டு கையாலும் பிடித்த அதே முகம்.

"சரியாத்தான் சொன்னீக."

"மாத்தலயே?"

"மாத்தல."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். டீ கொடுக்கிற பெண் யாரோ எவளோ, அவள் காதில் விழக்கூடாதென்று குரலைத் தணித்துக்கொண்டார்.

"புள்ளைக்குப் பரிசம் வச்சிருக்கு. இனி ஒண்ணும் வராதுல்ல?"

"வராதுங்க" என்றாள் மகாராணி. "நீங்க டீயக் குடிங்க."

பவித்ரா டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். அவருடைய வெள்ளைச் சட்டையில் சிந்திய டீயைக் கையாலேயே துடைத்துவிட்டாள்.